சேதி பரவவும் வேண்டும், சங்கம் நிற்கவும் வேண்டும்: ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பதிவான ஒரு சங்கத்தின் உறுப்பினர்களில் பாதிப்பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பதும், மீதியில் ஒரு பங்கினர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பதும் செட்டிநாட்டில் இயல்பான நிலை. செயலாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதற்குள், அதே சேதி அரையும் குறையுமாகக் குடும்பக் குழுக்களில் ஒரு சுற்று வந்து முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்துச் சலித்த சில சங்கங்கள், நிர்வாகத்தைத் தவிர வேறு யாரும் எதையும் பகிரக் கூடாது என்று தீர்மானம் போடுகின்றன. அதன் பிறகு ஊருணி தூர்வாரக் கூப்பிட்டால் நிர்வாகிகள் மட்டுமே மண்வெட்டியுடன் வந்து நிற்கிறார்கள். வேறு சில சங்கங்கள் எல்லாவற்றையும் குழுக்களின் போக்கிற்கு விட்டுவிடுகின்றன. ஆள் சேர்கிறது, பணமும் சேர்கிறது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கும்போது யாருடைய எண்ணுக்கு எவ்வளவு வந்தது என்பதில் சண்டை வருகிறது. கோயில் திருப்பணி, பள்ளிக்கட்டடப் பழுதுபார்ப்பு, முன்னாள் மாணவர் சங்கம், ஊருணிப் பராமரிப்பு போன்றவற்றை நடத்துவோர் இந்த இரண்டு நிலைக்கும் இடையில் எப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எவை நடுவில் இருக்க வேண்டும்

முதல் வேலை, நிர்வாகத்தின் கையை விட்டுப் போகக் கூடாதவை எவை என்று ஒரு தாளில் எழுதிவைப்பது. இந்த மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய 1,000-க்கும் மேற்பட்ட வட்டிக்கடைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முதலாளி, அவர்களுக்கெல்லாம் மேலே உத்தரவிடும் தலைமை அலுவலகம் என்று எதுவும் கிடையாது. இருந்தும் மாதம் ஒருமுறை ரங்கூன் கோயிலில் கூடி, தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய நடப்பு வட்டியைப் பொதுவாக நிர்ணயித்துக்கொண்டார்கள். எந்தக் குடியானவருக்குக் கடன் கொடுப்பது, எதை ஈடாகப் பெறுவது, எப்போது தவணை நீட்டுவது என்பவையெல்லாம் அந்தந்த ஊரில் முதலாளிக்காகக் கடையை நடத்திய மேலாளின் முடிவுக்கு விடப்பட்டன. மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் இருந்தது, பெரும்பாலும் மூன்றாண்டுக் கெடு இருந்தது, ஊருக்குக் கணக்கு எழுதி அனுப்பும் கடமையும் இருந்தது. அந்தத் தொழிலால் பர்மிய உழவர்கள் நிலம் இழந்த கதை தனியே பேசப்பட வேண்டியது. நமக்கு இங்கே வேண்டியது, எதைப் பொதுவில் வைத்தார்கள், எதை மேலாள்களின் முடிவுக்கு விட்டார்கள் என்ற பிரிவினை மட்டுமே.

இன்றைய ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு நடுவில் இருக்க வேண்டியவை என்று நான் கருதுபவை நான்கு. பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும் என்பது ஒன்று. நிகழ்ச்சியின் நாளும் நேரமும் இடமும் இரண்டாவது. ஊராட்சிக்கோ அரசு அலுவலகத்துக்கோ சங்கத்தின் பெயரால் தரும் மனுவும் வாக்குறுதியும் மூன்றாவது. ஒரு தனி ஆளின் நோய், கடன், வழக்கு, குற்றச்சாட்டு ஆகியவற்றைப் பற்றிய சேதி நான்காவது. இந்த நான்கிலும் செயலாளரோ அவர் எழுத்தில் நியமித்தவரோ மட்டுமே சங்கத்தின் பெயரால் பேச வேண்டும். பணியின் கதை, அழைப்பின் நடை, படங்கள், காணொளி, கேலிச்சித்திரம், யார் யாரைக் கூப்பிடுவது என்பன போன்ற மற்ற எல்லாவற்றையும் உறுப்பினர்களுக்கு விட்டுவிடலாம். இந்தப் பட்டியலை ஐந்தாக, ஆறாக நீட்டும் ஆசை ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் தலைகாட்டும். சின்னம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசுகிற செயற்குழுவுக்கு வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிந்த பல சங்கங்களின் துணை விதிகள், கைப்பேசி வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவற்றில் கடிதத் தொடர்புக்குப் பொறுப்பு செயலாளர் என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருக்காது. இதற்காக விதிகளையே திருத்தப் புறப்பட வேண்டியதில்லை. மேற்சொன்ன நான்கையும், அவற்றுக்கு யார் யார் பொறுப்பு என்பதையும் செயற்குழுத் தீர்மானமாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் பெற்றுவிட்டால், பிறகு வாக்குவாதம் வரும்போது காட்டுவதற்கு ஒரு பக்கம் இருக்கும்.

சேதி நடக்கும் பாதை

அடுத்து, சேதி உண்மையில் எந்த வழியாக நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். அவ்வளவு பேரை ஒரே குழுவில் சேர்த்து, எல்லோரும் பேசலாம் என்று விட்டால், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அறிவிப்பு புதைந்துபோகும். அட்மின்கள் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றும், எல்லோரும் பேசக்கூடிய குழுக்கள் ஊருக்கு ஒன்றும் என்று பிரிப்பது நல்லது. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்ஆப்பின் கம்யூனிட்டி என்ற ஏற்பாட்டில் அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. தங்கள் எண் நூறு பேருக்குப் போவதை விரும்பாத பெண்கள் பலர் இதனால் தயக்கமின்றிச் சேர்கிறார்கள்.

பகிர்தலுக்கு உள்ள வரம்புகளையும் பொறுப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய புரளிகளால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஒரு பாவமும் அறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது; 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் ஆனது. 2020 ஏப்ரல் முதல், பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அதன் மேல் இரட்டை அம்புக்குறியும் விழும். அதாவது, சங்கத்தின் அறிவிப்பு ஒன்றையே எல்லோரும் கைமாற்றிக்கொண்டே போனால் அது வேகம் இழப்பதோடு, புரளிக்கு விழும் அதே அடையாளத்தையும் சுமக்கும். அந்தந்த ஊர்க் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பொறுப்பாளர் ஒருவர் அறிவிப்பின் விவரங்களை எடுத்து, தம் ஊரார்க்குத் தம் சொல்லில் இரண்டு வரி சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்பினால் இந்தத் தடை இல்லை. தெரிந்தவர் எழுதியது என்பதால் படிக்கவும் படுகிறது.

அந்த ஊர்ப் பொறுப்பாளர் யார் என்பதில்தான் பெரும்பாலான சங்கங்கள் கோட்டைவிடுகின்றன. பதவியில் இருப்பவரையோ, கைப்பேசியை நன்றாகக் கையாளும் இளைஞரையோ நியமிப்பது எளிது. ஊரில் ஒரு கேதம் (சாவு) என்றால் முதல் போன் யாருக்குப் போகிறது, கல்யாணத்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலை யாரிடம் சரிபார்க்கிறார்கள் என்று கவனித்தால் வேறொருவர் கண்ணில் படுவார். பல ஊர்களில் அது எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சியாக இருக்கும். “ஆச்சி, ஊருணி வேலை தள்ளிப்போச்சாமே, மெய்தானா?” என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார். “யாரு சொன்னா? நேத்துத்தானே செயலாளர் கூப்பிட்டுச் சொன்னாரு, ஞாயித்துக்கிழமை காலையிலன்னு” என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில் புரளி அந்தக் குடும்பத்தின் அளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே அறிவிப்புக் குழுவில் பதிவதற்கு முன்பே இப்படிப்பட்டவர்களைச் செயலாளர் தாமே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தொழில்நுட்பம் அறிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. படத்தையும் எழுத்தையும் அனுப்பும் வேலைக்குப் பேரனோ பேத்தியோ இருப்பார்கள்.

பயணம் போகத் தக்க அறிவிப்பு

சங்கத்தின் அறிவிப்பு எந்தக் குழுவில், எந்த மாதம் போய் விழும் என்பது எழுதுகிறவர் கையில் இல்லை. எனவே அது எங்கிருந்து வந்தது, எந்த நாள்வரை செல்லுபடியாகும் என்பதைத் தன்னுடனேயே சுமந்து போக வேண்டும். ஒரு மாதிரி:

“அறிவிப்பு எண் 4 / 2025. ஊருணி தூர்வாரும் பணி 08.06.2025 (வைகாசி 25), ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி முதல் 10 மணி வரை. கூடுமிடம்: ஊருணி வடக்குப் படித்துறை. மண்வெட்டி, கூடை சங்கம் தரும்; தொப்பியும் குடிநீரும் கொண்டு வரவும். காலை உணவு உண்டு. இந்த அறிவிப்பு 08.06.2025-உடன் முடிகிறது. சரிபார்க்க: சங்க அலுவலக எண். இதற்கு நன்கொடை கேட்கவில்லை.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. அறிவிப்பு எண் இருந்தால், பின்னால் வரும் திருத்தம் எதைத் திருத்துகிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஆண்டு எழுதாத அழைப்பு இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் கைப்பேசியிலிருந்து மறுபடி எழுந்து வரும். ரத்தம் தேவை, பிள்ளையைக் காணவில்லை என்ற பழைய சேதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது அதனால்தான். முடியும் நாளையும் சேர்த்துவிட்டால் பெறுகிறவரே அதை நிறுத்திவிடுவார். நன்கொடை கேட்கவில்லை என்ற கடைசி வரி வேண்டாததுபோலத் தோன்றும். ஆனால் இந்தப் பகுதியில் எந்தப் பொதுக்காரியச் சேதிக்கும் வெளியூரில் இருப்பவர் முதலில் அனுப்புவது பணத்தைத்தான். தங்கள் ஜிபே எண்ணைச் சேர்த்துப் பகிர்ந்துவிடுகிற ஆர்வக்கோளாறுகளும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

‘உடனே அனைவருக்கும் பகிரவும்’ என்ற வரியை எழுதாதீர்கள். புரளிகள் எல்லாம் அப்படித்தான் முடிகின்றன. படமாக அனுப்புவதா, எழுத்தாக அனுப்புவதா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு: எழுத்தில் யாரும் ஒரு எண்ணை மாற்றிவிட முடியும், படத்தில் அது சற்றுக் கடினம், ஆனால் படத்தைப் பெரியவர்களால் பெரிதாக்கிப் படிக்க முடிவதில்லை, தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே அனுப்புவது என் பழக்கம்.

ஊர்க் கைகளுக்கு விட வேண்டியவை

நடுவில் ஒரு வடிவம் உறுதியாக இருந்து, கிளைகள் தங்கள் போக்கில் வளர்ந்ததற்குக் காரைக்குடியிலேயே சான்று இருக்கிறது. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் காரைக்குடியில் விழா, அத்த நட்சத்திர நாளில் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு என்று அதற்கு ஒரு முறை அமைந்தது. பிறகு சென்னை, புதுச்சேரி, கொழும்பு என்று பல ஊர்களில் கம்பன் கழகங்கள் எழுந்தன. அவை காரைக்குடியின் கிளை அலுவலகங்கள் இல்லை. தனித்தனி நிர்வாகம், தனித்தனிப் பணம், அந்தந்த ஊருக்கு ஏற்ற பேச்சாளர்கள். பரவியது விழாவின் வடிவமும் பட்டிமண்டபம் போன்ற அரங்குகளும்தான். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றிருந்தால் இந்த அளவு பரவியிருக்குமா என்பது ஐயமே.

நம் கையால் தொடங்காத ஒன்று நம் பெயரைச் சுமந்து பரவத் தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு 2014-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டு அடுத்தவரை அழைக்கும் அந்தச் சவாலை, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் ஏஎல்எஸ் சங்கம் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. நோயாளிகளும் நண்பர்களும் அதை அந்த நோயுடன் இணைத்துப் பரப்பினார்கள். அந்தக் கோடையில் சங்கத்துக்கு வந்த தொகை சுமார் 11.5 கோடி டாலர். விளையாட்டின் விதியைத் தன் வசம் எடுக்க முயலாமல், வந்த பணத்தை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று சொல்வதும் கணக்குக் காட்டுவதும் தன் வேலை என்று சங்கம் நின்றதுதான் நமக்குப் பாடம். உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஒரு பழைய மாணவர் போட்ட காணொளி திடீரென்று ஆயிரக்கணக்கானோரிடம் போய்விட்டால், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று அவரைக் கூப்பிட்டு அதட்டுவது முதல் தவறு. அன்று மாலைக்குள் சங்கத்தின் பெயரில் மூன்று விவரம் வெளியே வந்துவிட வேண்டும்: பணி என்ன, அதற்கு எவ்வளவு தேவை, எந்தக் கணக்கு.

நடுவில் பொறுப்பாளர் எவருமே இல்லாமல் போனால் நேரும் இடரையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்துக்குத் தலைவர் இல்லை; அவ்வளவு பேர் அவ்வளவு விரைவில் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சட்டம் வரப்போகிறது என்ற நிலையில், யாருடன் பேசுவது, யார் சொன்னால் கலைவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போய், ஜனவரி 23 அன்று தடியடியில் முடிந்தது. கூட்டுகிறவர் யாராக இருந்தாலும், பணி முடிந்தது என்று அறிவிக்கும் பொறுப்பு ஒருவருக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பணம்

இந்தப் பகுதியில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஒன்று, அதற்குரிய கியூஆர் ஒன்று. தனி ஆளின் எண் எதுவும் கூடாது. கியூஆர் படத்தை மாற்றி ஒட்டுவது எளிது. எனவே, “தொகையை அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர் இதுவாக இருக்க வேண்டும்” என்று சங்கத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் அறிவிப்பிலேயே கொடுங்கள். 80ஜி என்று பலரும் அறிந்த வரிச்சலுகைப் பதிவு சங்கத்துக்கு இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு அத்தொகைக்குச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ரொக்கம் வாங்கிக்கொண்டு பிறகு ரசீதுக்காகப் பகையாவது வேண்டாம்.

செட்டிநாட்டுச் சங்கங்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டியது வெளிநாட்டுப் பணம். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ மூன்று தலைமுறையாக இருந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், நம் அப்பச்சி வழிப் பங்காளியாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவர் சங்கத்துக்குத் தரும் நன்கொடை, ரூபாயாகவே தந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை. பதிவு உள்ள அமைப்புகளும் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதை ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் பெற முடியும். இந்தியக் கடவுச்சீட்டுடன் அங்கே வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்த வகையில் சேராது. இந்த வேறுபாட்டைப் பகிர்கிறவர்கள் அறியமாட்டார்கள். கணக்கு எண்ணைக் கோலாலம்பூர் உறவினர் குழுவில் ஒருவர் போட்டுவிட்டால், மறுநாள் வரவு வந்துவிடும், விளக்கம் எழுத வேண்டியவர் பொருளாளர். நன்கொடை கேட்கும் ஒவ்வோர் அறிவிப்பிலும், “இந்தியக் குடியுரிமை உடையோர் மட்டும் இக்கணக்குக்கு அனுப்பலாம், மற்றவர்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்” என்ற வரி இருக்கட்டும். சற்று முகத்தில் அறைந்தாற்போல் இருக்கிறது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு நேரில் விளக்கிக்கொள்ளலாம்.

பொருளாக வரும் உதவிக்கும் ஒரு பதிவேடு வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நெடுஞ்சாலையோர ஊர்களில் பொருள் குவிய, உள்ளே தள்ளியிருந்த கிராமங்கள் காத்துக் கிடந்தன. அனுப்பும் ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும். எந்த ஊருக்கு எது போய்விட்டது என்ற பட்டியலை வைத்திருந்து, அன்றன்று வெளியிடுவது மட்டும் நடுவில் இருப்பவரால்தான் முடியும்.

திருத்தம்

தவறு வெளியே போன பிறகு அதை அழிக்க முடியும் என்று நம்பியிருக்கக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் அனைவருக்குமாக நீக்கலாம். ஆனால் அதற்குள் பிறர் பகிர்ந்த படிகள் அப்படியே இருக்கும். திருத்தம் தவறு போன அதே பாதையில் போக வேண்டும்: அதே ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு முதலில் போன், பிறகு அறிவிப்புக் குழு. “அறிவிப்பு எண் 4-க்குத் திருத்தம்” என்று தொடங்கி, சரியான விவரத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள். தவறான விவரத்தைத் திரும்ப எழுதி மறுத்தால், அவசரமாகப் படிக்கிறவர் மனத்தில் அந்தத் தவறே தங்கும். யார் பரப்பியது என்ற விசாரணையைக் குழுவில் நடத்தவே கூடாது. கூட்டு முடிவுக்குக் காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும் என்பதால், திருத்தம் வெளியிடும் அதிகாரத்தைச் செயலாளர், துணைச் செயலாளர் இருவரில் யார் கையில் கிடைக்கிறாரோ அவருக்குத் தீர்மானத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து நடுவுக்கு

மேலிருந்து கீழே போவதற்குச் செய்யும் ஏற்பாட்டில் பாதியளவாவது கீழிருந்து மேலே வருவதற்கும் வேண்டும். ஊர்ப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை மூன்று வரி அனுப்பினால் போதும்: என்ன நடந்தது, மக்கள் என்ன கேட்கிறார்கள், எது தவறாகப் பேசப்படுகிறது. அவற்றைச் செயற்குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வாசிக்க வேண்டும். கடைசியில் வைத்தால் காபி வந்துவிடும். கேட்டதை மறுக்க நேர்ந்தால் காரணத்துடன் பதில் போக வேண்டும். பதில் கிடைக்காத ஊர்ப் பொறுப்பாளர் இரண்டாம் மாதம் எழுதுவதை நிறுத்திவிடுவார். மூன்றாம் மாதம் தனிக்குழு தொடங்கியிருப்பார்.

நிர்வாகம் மாறும்போது

தேர்தல் முடிந்து பொறுப்புகள் மாறும் நாளில், பணப்பெட்டிச் சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்கிற புதிய நிர்வாகம், பெரும்பாலும் குழுக்களை வாங்க மறந்துவிடுகிறது. அறிவிப்புக் குழுவைத் தொடங்கிய எண் முன்னாள் செயலாளரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் மனம் கோணும் நாளில் சங்கத்தின் வாய் அடைபட்டுவிடும். எனவே தொடக்கத்திலேயே சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணிலிருந்தே குழுவைத் தொடங்குங்கள். அட்மின்கள் மூன்று பேருக்குக் குறையாமல், ஒரே குடும்பத்தைச் சேராதவர்களாக இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சிம், அதன் இரண்டு படிச் சரிபார்ப்பு எண், மின்னஞ்சல் கடவுச்சொல், ஊர்ப் பொறுப்பாளர்களின் பெயர்ப் பட்டியல், கடைசியாக வெளியிட்ட அறிவிப்பின் எண் ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பழையவரும் புதியவரும் கையெழுத்திட்டதும் கடவுச்சொற்களை அங்கேயே மாற்றிவிட்டு, அடுத்த அறிவிப்பு எண்ணுடன் புதிய நிர்வாகத்தின் முதல் அறிவிப்பை வெளியிடலாம்.